மஞ்சள் பூசிய உத்தரக் கல்

சென்ற ஆண்டு அக்டோபர் 17, மாலை நாலு மணி பத்து நிமிடம். அடிவாரத்தில், காரவள்ளியில் தூறலாக இருந்தது, மலைப்பாதையில் ஏற ஏறப் பனிமூட்டமாகிவிட்டது. லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பின்னால் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரே கல். மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் நாங்கள் கட்டிவந்த வீட்டின் முன்வாசலுக்கு உத்தரமாக வைக்க வேண்டியது.

மலையில் இரண்டு ஆள் தூக்கும் கல்லைத்தான் வீட்டுக்கு வைப்பார்கள். எங்கள் இன்ஜினியரும், "கல்லு மேல வர்ற பாரத்தைத் தாங்கும் சார், வளைஞ்சு குடுக்காது. இவ்வளவு அகலத்துக்கு நடுவுல ஒரு தூண் வேணும்" என்றார். நான் கேட்கவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மனைவிக்குக் கட்டிலில் இருந்தபடியே பள்ளத்தாக்கு முழுதும் தெரிய வேண்டும். நடுவில் தூண் கூடாது. கான்கிரீட் போட்டால் மலை ஈரத்தில் கம்பி துருப்பிடிக்குமே என்ற பயம் வேறு. கீழே ஒரு குவாரியில் கல்லை வெட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து ஏற்றினோம்.

பத்தொன்பதாவது வளைவில் கயிறு அறுந்தது. கல் பின்பக்கமாகச் சரிந்து, சாலையை அடைத்துக் குறுக்கே விழுந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. லாரியை மேலே ஓரங்கட்டிவிட்டு இறங்கினோம். கூட வந்த சுமையாட்கள் நால்வரும் கடப்பாரையால் நெம்பினார்கள். கொஞ்சம் எழும்பியதே தவிர நகரவில்லை. நாமக்கல்லில் இருந்து கிரேன் வரவழைக்கலாம் என்றேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தை குறுக்கே கிடப்பதால், மேலே பார்த்த ஆஸ்பத்திரியில் உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். கல்லைத் தாண்டித் தூக்கிப்போய் ஏற்றிவிட, கீழிருந்து வண்டி ஏதும் வரவில்லை. யார் போனிலும் சிக்னல் இல்லை.

பெண்ணின் தாய் இறங்கி வந்து கல்லைப் பார்த்தார்.

"ஏனுங்க, மலையே கல்லுதானுங்க. அது பத்தாதுன்னு கீழ இருந்து வேற கொண்டாறீங்களா?"

சுமையாள் ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

"உடைச்சா வழி உட்டுரலாங்க" என்றார் லாரி டிரைவர். "ஆனா மஞ்ச வெச்ச கல்லு. ஊட்டுக்காரரு சொல்லாம சம்மட்டி வெக்க மாட்டோமுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலுக்குப் பூசை போட்ட கல் உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். படித்தவன்தான் நான், இருந்தும் வீட்டில் படுத்திருப்பவளை நினைத்து, உடையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜீப்புக்குள்ளிருந்து அந்தப் பெண் அலறினாள். தாய் என்னைக் கும்பிடவுமில்லை, திட்டவுமில்லை. ஜீப்பின் பக்கம் திரும்பி, "பொறு கண்ணு, பெரியவரு ரோசன பண்றாரு" என்று மட்டும் சொன்னார்.

சம்மட்டியை வாங்கி முதல் அடியை நானே போட்டேன். மஞ்சள்தான் கொஞ்சம் பெயர்ந்தது. பிறகு சுமையாட்கள் இரு முனைகளையும் நெம்பி முட்டுக்கொடுத்து, நடுவில் அடித்தார்கள். மூன்றாவது அடியிலேயே கல் இரண்டானது. அதன் கீழேதான் என் மனைவியின் கட்டிலைப் போட இருந்தேன்.

துண்டுகளைப் புரட்டி ஒதுக்கியதும் ஜீப் பறந்தது.

அன்று நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி குழறிய வாயால் கேட்டது ஒன்றுதான்: "பொண்ணு போய்ச் சேந்தாளா?" எனக்குத் தெரியவில்லை. தாயும் ஆண் குழந்தையும் நலம் என்ற செய்தி மறுநாள் மதியம்தான் வந்தது. அதுவரை, நான் யோசித்து நின்ற அந்த ஆறு நிமிடம் என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு துண்டுகளும் இப்போது நடுவில் ஒரு தூணின் மேல் சேர்ந்திருக்கின்றன. பள்ளத்தாக்கு என் மனைவிக்கு இரண்டு பாதியாகத்தான் தெரிகிறது. அவள் குறை சொன்னதில்லை. எட்டணாவுக்கும் வாதாடுகிற நான், இன்னும் குறைத்திருக்கலாமோ என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்காத செலவு ஒன்று உண்டென்றால், அது கல்லுக்கும் லாரிக்கும் அந்தத் தூணுக்கும் சேர்த்து ஆன முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்தான்.