மாமாவின் கால்மேல் போட்ட பழி

எங்கள் குடும்பத்துக்கு முதல் கார் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோமே என்று, ஒரு சனிக்கிழமை பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் சின்ன ஹைபிரிட் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மாமனாரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரில் எங்கள் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா போனேன்.

அங்கே காரை நிறுத்தியதும் இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. கார் அணைந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டு, "இறங்குங்க மாமா" என்றேன். பின்சீட்டிலிருந்த பையை எடுக்கத் திரும்பியபோது என் கால் பிரேக்கை விட்டுவிட்டது. கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒரு காலைக் கீழே வைத்திருந்த மாமா தரையில் விழுந்தார். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன். பின்சக்கரம் அவர் செருப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பயத்தில் என் வாயில் வந்தது, "பாத்து இறங்கக்கூடாதா மாமா?"

"வயசாச்சு லா, கால் தடுமாறிருச்சு. நீ பயப்படாதம்மா."

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் 'டிரைவ்'விலேயே கிடந்த கியரை 'பார்க்'குக்கு மாற்றினேன். உண்மையைச் சொல்லவில்லை.

தனியாக எம்ஆர்டி ரயில் ஏறி ஊரெல்லாம் சுற்றியவர், மறுவாரமே சொன்னார்: "இனிமே என் காலை நம்ப முடியாது. காரையே வாங்கிருங்க."

வாங்கிவிட்டோம். இப்போதெல்லாம் 'பார்க்'கில் போட்டு, காரை அணைக்கும் பட்டனை அழுத்தி, முன்னாலிருக்கும் திரை இருண்டதைப் பார்த்த பிறகுதான் யாரையும் இறங்கச் சொல்கிறேன்.

மாமா, நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். மாமா, அன்று தவறியது உங்கள் கால் இல்லை. என் கால்.