பிரித்துப் படித்தவர்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நான் தபால்காரனாக இருந்தேன். மலைக்கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பட்டாளத்து அதிகாரி ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, மழமழவென்று மழித்த முகம். கடிதத்தைக் கொடுத்தால் உறை ஒட்டிய இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "பிரிச்சியா?" என்பார். தினமும் இதே கேள்வி.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டு வருசத்துல ஒரு கடுதாசியக்கூட நான் பிரிச்சதில்ல சார்" என்றேன்.

"நான் பிரிச்சிருக்கேன்" என்றார் சாதாரணமாக. "நம்ம சிப்பாய்ங்க வீட்டுக்கு எழுதுறது பூராவும் படிப்போம். அவங்கள்ல எவன் உளவாளின்னு கண்டுபிடிக்கிற பிரிவுக்கு நான்தான் தலைவர். அதுக்குத்தான் மெடல் குடுத்தாங்க."

"எத்தன பேரு சிக்குனாங்க?"

"ஒருத்தனும் இல்ல."

சைக்கிளை மிதிக்கும்போது பழைய ஞாபகம் ஒன்று வந்தது. முன்பு நான் வேலை பார்த்த கன்னிவாடியில், ஒரு சிப்பாயின் படிக்கத் தெரியாத மனைவிக்கு, அவள் பிரித்துத் தரும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டுவேன். புருஷன் கொஞ்சி எழுதிய இடம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செத்த நேரம் கழித்து, "ம், படிங்கண்ணே" என்பாள். என் ஒருவனுக்கு முன்னால்தான் அந்த வெட்கம் என்று பாவம் அவள் நம்பியிருந்தாள். நானும்தான்.

மறுநாளும் அந்த மனிதர் உறை ஒட்டிய இடத்தை நெருடிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "பிரிச்சியா?"