வலி நின்றுபோன சனிக்கிழமை

என் கணவர் எந்த வலியையும் பொறுத்துக்கொள்வார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கி வார்க்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒருமுறை முன்கையில் பொறி தெறித்துக் கொப்புளம் போட்டபோது, களிம்பைத் தடவிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனவர். ஆனால் பல் டாக்டரிடம் மட்டும் போகமாட்டார். ஈறில் ஊசி போடுவார்கள் என்று நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைசிப் பல்லில் இரண்டு வருடமாக ஓட்டை. சோறு மாட்டிக்கொண்டால் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். நானும் வற்புறுத்தவில்லை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம் எங்களுடையது. ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். நாங்கள் இருவர், எட்டாவது படிக்கும் மகள். அவசரத்துக்குக் கூப்பிட உறவென்று அருகில் யாரும் இல்லை.

அது ஆடி மாதம். வியாழக்கிழமை சாயங்காலம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். கிராம்பைக் கடித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கன்னம் வீங்கியது. வாயை முழுதாகத் திறக்க முடியாமல், ரசம் சோற்றைக் குழைத்துக் கரண்டி நுனியால் உள்ளே தள்ளினார். "இன்னைக்கே போவோம்" என்றேன். சரக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை கட்டாயம் போகலாம் என்றார். நான் துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தேன். அது செய்யக்கூடாதது என்று பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வலி நின்றுவிட்டது.

"பாத்தியா, தானா சரியாயிட்டு" என்றார். அவர் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். சாயங்கால ஜெபத்தில் அதற்காக நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்ப எழுந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தபோது, அவர் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்பக்கமாகக் குனிந்திருந்தார். தாடைக்கடியில் ஒரு துண்டு.

"ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"படுத்தா மூச்சு முட்டுது."

அது அவருடைய குரலாகவே இல்லை. வாய் நிறையச் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. பின்னால் வந்த மகள், "அப்பா, ஏன் கார்ட்டூன் மாதிரி பேசுறீங்க?" என்று சிரித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது. கன்னத்தில் இருந்த வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எச்சில் வழிந்து துண்டு முழுக்க நனைந்திருந்தது. அவரால் அதை விழுங்க முடியவில்லை. நான் அவசரத்தில் தண்ணீர் கொடுத்தேன். அது உதட்டோரமாகத் திரும்பி வழிந்தது. கொஞ்சம் உள்ளே போனதில் புரையேறி, கண் பிதுங்க இருமினார்.

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். கீழ்வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, சாருக்கு இன்னா ஆச்சு? மூஞ்சி இப்டி வீங்கிக்கீது?"

"பல்லுண்ணே. ரெண்டு தெரு தள்ளி பல் டாக்டர் இருக்காங்கல்ல, அங்க போகணும்."

"குந்து, குந்து. பொண்ணு எங்க ஊட்லயே இருக்கட்டும், எம் பொஞ்சாதி பாத்துக்கும்."

அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ஞாயிறு மத்தியானம் வரை கிளினிக் திறந்திருக்கும். என் கணவர் பழக்கப்படாத அந்தச் சாய்வு நாற்காலியில் சாயப் போனதும், டாக்டர் ஓடிவந்து முதுகில் கைகொடுத்து நிறுத்தினார்.

"சாயாதீங்க. அப்படியே நேரா உக்காருங்க. வாயத் திறங்க."

ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"நாக்க வெளிய நீட்டுங்க பாப்போம்."

முடியவில்லை. டாக்டர் டார்ச் அடித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கை அடியிலிருந்து யாரோ முட்டுக்கொடுத்துத் தூக்கியது போல அது மேலண்ணத்தை ஒட்டி நின்றது. டாக்டர் தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். வீக்கம் என்றால் மெத்தென்று இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பலகை. விரல் உள்ளே இறங்கவே இல்லை. காய்ச்சலில் கொதித்தது.

"நேத்து வலி நின்னுட்டே டாக்டர்" என்றேன்.

"சீழ் பல்லுக்குள்ள அடைபட்டு இருக்கறப்பதான் அந்த வலி. அது வெளிய பரவுனதும் வலி குறையும். இப்ப நாக்குக்குக் கீழ பரவிடுச்சு. இன்னும் வீங்கினா மூச்சு அடைச்சுக்கும். இத நான் இங்க தொடக்கூடாது."

நிதானமாகத்தான் பேசினார். ஆனால் ஃபோனை எடுத்து எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தியதைப் பார்த்துவிட்டேன். அதுவரை எனக்கு இருந்தது கலக்கம்தான். பயம் வந்தது அப்போதுதான். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, எங்களை அனுப்புவதாகச் சொன்னார். ஆட்டோ வரை கூடவே வந்தார்.

"படுக்க வைக்காதீங்க. தண்ணி, மாத்திரை எதையும் வாயில குடுக்காதீங்க. முன்னாடி குனிஞ்சே உக்காரட்டும், எச்சில் வெளிய வழியட்டும். பேச விடாதீங்க. எங்கயும் நிக்காதீங்க."

ஆடி ஞாயிறு. ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஊர்ப்பட்ட கூட்டம். திருவேற்காடு போகும் வேன்கள், மஞ்சள் புடவைகள், தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இழுக்கும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம். ஒவ்வொரு இழுப்பும் முடிந்ததும் அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தேன். திருவேற்காடு திருப்பத்துக்கு முன்னால் வண்டி அசையாமல் நின்றுபோனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார்.

"பேசாதீங்க, பேசக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல" என்று தடுத்தேன். தடுத்த பிறகு, அவர் கடைசியாகச் சொல்ல நினைத்தது அதுவாக இருந்தால் என்ன செய்வேன் என்று தோன்றியது.

டிரைவர் இறங்கி முன்னால் ஓடினார். கூழ்ப்பானைகளோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த பெண்களிடம் அவர் கெஞ்சுவது கேட்டது.

"யக்கா, கொஞ்சம் வழி உடுங்க. வண்டில ஒர்த்தருக்கு மூச்சு நிக்கப் பாக்குது."

ஒரு அம்மா வந்து உள்ளே குனிந்து பார்த்தாள். திரும்பிப் போய்த் தன் பானையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, எதிரே வந்த வேனின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அந்த இடைவெளியில் நுழைந்து வெளியே வந்தோம். கரையான்சாவடி வரும்போது அவருக்குக் கண் செருக ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். ஜெபம் செய்ய நினைத்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியோடு காத்திருந்தார்கள். அங்கேயும் யாரும் அவரைப் படுக்கவைக்கவில்லை. ஒரு டாக்டர் காகிதத்தை நீட்டினார்.

"முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா குழாய் விடப் போறோம். அது போகலன்னா கழுத்துல துளை போட்டுதான் மூச்சுக் குடுக்கணும். கையெழுத்துப் போடுங்கம்மா."

முதல் எழுத்துக்குப் பிறகு என் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு கணம் மறந்துபோனது.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வெளியே வந்து சொன்னார்கள். குழாய் போய்விட்டது. தாடைக்கடியில் இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடித்திருக்கிறார்கள். பல்லையும் எடுத்தாயிற்று. ஆபரேஷன் செய்தவர், "யார் உங்கள அனுப்பினது?" என்று கேட்டார். சொன்னேன். "அவங்களுக்கு ஃபோன் பண்ணி, உயிரோட இருக்கார்னு சொல்லுங்க" என்றார். நான் ஃபோன் செய்தபோது அந்தச் சின்னப் பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

நான்கு நாள் ஐசியுவில் குழாயோடு இருந்தார். இரண்டாவது நாள் பேனாவும் தாளும் கொடுத்து, ஆட்டோவில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். கோணல் எழுத்தில் எழுதினார்: "அடுப்புல பால்." அன்று கீழே இறங்கும் முன்பே மகள் அடுப்பை அணைத்திருந்தாள். அந்தத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

இப்போது நன்றாக இருக்கிறார். தாடைக்கடியில் தழும்பு இருக்கிறது. சொல்லாமலே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு வருகிறார். எனக்குத்தான் அந்தப் பயம் போகவில்லை. அவர் தூங்கும்போது விசில் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கிட்டே வைத்துப் பார்ப்பேன். போன மாதம் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண், கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது, பல்வலி தானாக நின்றுவிட்டது என்றாள். எல்லோரும் பார்க்க அவள் தாடைக்கடியில் விரலை வைத்து அழுத்தினேன், நாக்கை நீட்டச் சொன்னேன். மீட்டிங்கை விட்டுவிட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈறில் சின்னக் கட்டிதான், அங்கேயே கீறி விட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.