சாயத்திலிருந்து வந்த மருந்து

பிரசவ வார்டில் 'காய்ச்சல்' என்ற சொல்லை நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. நாகர்கோவிலை அடுத்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1930-களில் நான் நர்ஸாக இருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டால் முடிவு அநேகமாகத் தெரிந்துவிடும். ஈரத்துணி போடுவோம், கஞ்சி கொடுப்போம், ஜெபிப்போம். அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு பெண்ணை அப்படித்தான் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பிதற்றிக்கொண்டிருந்தவள் திமிறியபோது, அவளுக்குப் போட்ட ஊசி என் விரலில் ஏறிவிட்டது. அவள் இறந்துபோனாள். அடுத்த நாள் என் விரல் வீங்கிற்று. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஒரு சிவப்புக் கோடு ஏறியது.

எங்கள் டாக்டரம்மா மதராஸில் படித்த உள்ளூர்க்காரர். ஸ்டோர் அறையின் ஒரு மூலையில் மைக்ராஸ்கோப் வைத்து, ஆட்டு ரத்தம் கலந்த கூழைக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, அதில் கிருமி வளர்த்துப் பார்ப்பார். என் விரல் சீழையும் அப்படி வளர்த்து, தட்டை என் கட்டிலுக்கே கொண்டுவந்தார்.

"பாத்தியா, ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ரெத்தம் கரைஞ்சு தெளிஞ்சு கிடக்கு. செத்துப்போன அந்தப் பொண்ணுக்க ரெத்தத்துலயும் இதேதான் இருந்தது."

அழகாகத்தான் இருந்தது. என்னைக் கொல்ல வந்தது அது என்பதை மனம் ஏற்க நேரமாயிற்று.

"கோடு தோளுக்கு ஏறினா கைய எடுக்கணும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஜெர்மனியில துணிச்சாயத்துல இருந்து ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. பம்பாய்க்கு எழுதிக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும். தட்டுல இந்தக் கிருமி மேல ஊத்திப் பாத்தேன். ஒரு புள்ளிகூடச் சாகல்ல."

"பின்ன என்னத்துக்கு எனக்கு?"

"கிருமி ஏத்தின எலிக்க ஒடம்புல போட்டா எலி பிழைக்குதாம். தட்டுல சாகாதது ஒடம்புல ஏன் சாகுதுன்னு எனக்குத் தெரியல்ல."

பக்கத்தில் இருந்த என் அம்மா எழுந்துவிட்டாள். "துணிக்குப் போடுற சாயத்தையா எனக்க பிள்ளைக்க ஒடம்புல ஏத்தப் போறிய?"

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தச் சொல்தான் எனக்குத் தைரியம் தந்தது. "போடுங்கம்மா," என்றேன்.

ரத்தச் சிவப்பில் இருந்தது மருந்து. மூத்திரமும் சிவந்தது. ரத்தம் போகிறதென்று அம்மா அலறினாள். ஆனால் கோடு தோளுக்கு ஏறவில்லை. மெல்ல மெல்ல வெளிறி, இல்லாமலே போயிற்று.

அதன்பின் காய்ச்சல் கண்ட தாய்மாருக்கும் அந்த மருந்தைப் போட்டோம்; சிலர் தங்கள் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அந்தக் காட்சிக்கு நாங்கள் பழகியிருக்கவில்லை. வார்டு வாசலில் நின்று பார்ப்போம்.

செய்தி சிதறால் கிராமம் வரைக்கும் போய்விட்டது. முதுகில் ராஜபிளவை என்னும் பெரிய சீழ்க்கட்டி வந்த ஒரு விவசாயியை அங்கிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். அவர் சீழிலிருந்து தட்டில் வளர்ந்தவை வேறு மாதிரி, பொன்னிறப் புள்ளிகள். டாக்டரம்மாவுக்கு நம்பிக்கையில்லை. வேறு மருந்தும் இல்லாததால் சிவப்பு மருந்தையே போட்டார். அது கேட்கவில்லை. அந்த விவசாயி இறந்துபோனார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குக் கேட்ட மருந்து இவருக்கு மட்டும் ஏன் கேக்கல்ல?"

"அது வேற கிருமியாக்கும்," என்றேன்.

"அப்ப அதுக்கொரு மருந்து வேண்டாமா?" கோபமாகக் கேட்கவில்லை அவள். கடையில் இல்லாத சாமானைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

தட்டில் சும்மா கிடந்த சாயத்தை உடம்பு உடைத்து, அதற்குள் இருக்கும் மருந்தை வெளியே எடுக்கிறது என்று பின்னால் டாக்டரம்மா ஒரு பத்திரிகையில் படித்துச் சொன்னார். எனக்கு அப்போதும் அந்தப் பொன்னிறப் புள்ளிகளின் நினைவுதான்.

வார்டு வேலை முடிந்ததும் ஸ்டோர் அறையின் அந்த மூலையில் வந்து நிற்கலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வா. முதல்ல தட்டு கழுவப் படி."