சித்தப்பா கையில் மலேயா மணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஞாபகமும் முன்போல இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் மாடியை ஒரு கொரியாக்காரருக்கு விட்டிருக்கிறோம். ஒரகடத்தில் காருக்குச் சாமான் செய்கிற கம்பெனியில் அவர் எஞ்சினியர். போன வாரம் டேங்க் நிரம்பி வழிகிறதென்று சொல்ல மேலே போனேன். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மணி பதினொன்று காட்டியது. நான் அப்போதுதான் காலை இட்லிக்கு மாவு ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

"பாவம்டா, அவரு கடியாரம் கெட்டுப்போய்க் கீது. பேட்டரி வாங்கிக் குடு" என்றேன் மகனிடம்.

அவன் சிரித்தான். "அது அவங்க ஊரு டைம்மா. பொண்டாட்டி, பொண்ணு ரெண்டு பேரும் அங்க கீறாங்க. பொண்ணு எப்ப இஸ்கூல் போவும், எப்ப தூங்கும்னு பாத்துக்கினே இருப்பாரு. இங்க வேலை பெருகுது, வாடகை, சோறு எல்லாம் சல்லிசுன்னு கம்பெனி அனுப்பிடுச்சு. இன்னா பண்ணுவாரு?"

எனக்கு என் சித்தப்பாவின் கைக்கடிகாரம் ஞாபகம் வந்துவிட்டது.

நான் மூன்றாவது படிக்கும்போது சித்தப்பா மலேயாவிலிருந்து லீவில் வந்தார். அந்த ஊர் வளர்கிறது, கை நிறையச் சம்பளம், அரிசி மீன் எல்லாம் சல்லிசு என்று அவரும் இதையேதான் சொல்வார். அவருக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. இந்தத் தடவை தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருந்தாள் சித்தி. இரண்டு புது ரவிக்கை தைத்து டிரங்குப் பெட்டியில்கூட வைத்துவிட்டாள். சித்தப்பா, "பாக்கலாம், பாக்கலாம்" என்பார்.

அவர் கைக்கடிகாரம் நம் மணிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். அப்பா விடமாட்டார். "டேய் மலேயா தொரை, உன் கையில மத்தியானமே ஆயிடுச்சு. எங்க வவுத்துல இன்னும் காலைக் கூழே எறங்கலடா!" சித்தப்பாவும் சிரிப்பார். முள்ளை மட்டும் மாற்றமாட்டார்.

ஒரு நாள் காய்ச்சலென்று நான் பள்ளிக்குப் போகவில்லை. சித்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே பேசுவதுபோல, "இந்நேரம் இஸ்கூல் வுட்டிருப்பாங்க" என்றார்.

"இல்ல சித்தப்பா, மத்தியானச் சோத்துக்கே இன்னும் பெல் அடிக்கல" என்றேன் நான்.

சித்தியின் கை நின்றது. "ஆருக்கு இஸ்கூல்?" என்றாள். அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சித்தி அதை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. "கண்ணு, இத்த நம்ம ஊரு மணிக்கு வெச்சுக் குடு." எனக்கு ஒரே பெருமை. திருகி, இரண்டு மணி பின்னால் தள்ளிக் கொடுத்தேன்.

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். சித்தியையும் பார்த்தார். அவள் வாசற்படியில் நின்றபடி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முள்ளைத் திருகி, மறுபடியும் முன்னால் வைத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

சித்தி உள்ளே போய் அந்த ரவிக்கைகளை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "நீ போட்டுக்க அக்கா. நான் எங்க போவப் போறேன்?"

சித்தப்பா தனியாகத்தான் கப்பல் ஏறினார். தீபாவளிக்குப் புடவை வரும். அவர் வரவே இல்லை. நான் வைத்த மணியை அவர் மாற்றிவிட்டார் என்றுதான் சித்திக்குக் கோபம் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் சொன்னது என் பள்ளிக்கூடத்தை இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. சித்திக்குத் தெரிந்துவிட்டது.

படித்தவர்கள் யாராவது, அந்தக் காலத்தில் மலேயாவுக்கும் நமக்கும் இரண்டு மணி வித்தியாசம்தானா, அங்கே பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடுவார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அப்படியெல்லாம் இல்லை, நீ நினைப்பது தப்பு என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான்.