ராணியின் கட்டியும் முத்தையாவின் அளவுகோலும்

2003-இல், உத்தமபாளையம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு நாயின் சிகிச்சை அட்டையில் ஐந்து முறை 'மாற்றமில்லை' என்று எழுதினேன். ஐந்தும் தவறு.

நாயின் பெயர் ராணி. ஆறு வயது, கோம்பை இனப் பெட்டை. ராயப்பன்பட்டி சாலையில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த முத்தையாவுக்கு அதுதான் காவல். கடைசிக் காம்பருகே சிறு கட்டி. வெர்னியர் கருவி வைத்து அளந்தேன்: 6 மி.மீ. மடியில் வரும் கட்டியில் சாதாரணமானதும் உண்டு, புற்றும் உண்டு. விரலால் தொட்டுச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றேன்.

"இப்பத்தான் பிஞ்சு பிடிச்சிருக்கு டாக்டர். பழம் வெட்டி முடிச்சுக்கிறேன். இவ படுத்துட்டா பன்னியும் நரியும் ஒரு கொத்துக்கூட மிச்சம் வைக்காது."

ஒப்புக்கொண்டேன். நிபந்தனை ஒன்றுதான்: பத்து நாளுக்கு ஒருமுறை அளவு பார்த்து போனில் சொல்ல வேண்டும், பெரிதானால் அன்றே கூட்டிவர வேண்டும்.

முத்தையா நாள் தவறியதில்லை. "தோட்டத்துக் காய் அளவுதான் டாக்டர். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." நானும் தேதி, நேரம் போட்டு எழுதினேன்: 'திராட்சைக் காய் அளவு. மாற்றமில்லை.'

52-ஆம் நாள் அந்தப் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போனவன், தோட்டத்தில் இறங்கினேன். முத்தையா பந்தலிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து ராணியின் கட்டியருகே பிடித்தார்.

"பாருங்க, அச்சு அசல் அதே அளவு."

கட்டியை அளந்தேன்: 19 மி.மீ. பழத்தையும் அளந்தேன்: 19.

"முத்தையாண்ணே, மொத நாள் வந்தீங்களே, அன்னைக்குக் காய் எம்புட்டு இருந்துச்சு?"

"அன்னைக்குப் பிஞ்சுல்ல. மிளக விடக் கொஞ்சம்..." பழத்தைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார்.

அவர் மனைவி பேச்சியம்மாள்தான் சிரித்தார். "காய் பெருக்க மருந்து அடிச்சாக. கட்டியும் சேந்து பெருத்துருச்சு! ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டுல்ல இருந்தாக!" பிறகு என் பக்கம் திரும்பினார். "இவுகளுக்கு உலகமே திராட்சைதான். படிச்ச நீங்களும் அப்படியே எழுதிக்கிட்டீகளாக்கும்?"



மறுநாள் தேனியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரலில் பரவியதற்கான அடையாளம் இல்லை. அதற்கடுத்த நாள் அறுவை. சுற்றியிருந்த நல்ல சதையோடு, அந்தப் பக்கத்துக் கடைசி இரண்டு காம்புகளையும் சேர்த்து எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினேன். தையலை நக்காதிருக்க, அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை ராணியின் கழுத்தில் மாட்டினேன். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்ததும் முத்தையா வாளியைக் கழற்ற விடவில்லை.

"இருக்கட்டும் டாக்டர். வாளிக்குள்ள குலைக்கிறது ரெண்டு நாய் குலைக்கிற கணக்கா கேக்குது. பன்னி அங்கன எட்டியே பாக்கல."

ஆய்வக அறிக்கை வந்த அன்று அவர் உட்காரவில்லை.

"நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுதாண்ணே. புத்து. ஆனா வெட்டுன ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. முழுசா வந்துருச்சு."

அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். கட்டியின் அளவைக் காய்கனிப் பெயரில் ஏற்காதீர்கள். ஸ்கேலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சின்னதுதானே என்று காத்திருக்கவும் வேண்டாம். சின்னதாக இருக்கும்போதுதான் முழுதாக எடுப்பது எளிது.

மூன்று மாதம் கழித்து ராணியைக் கணவனும் மனைவியுமாகக் கூட்டிவந்தார்கள்.

"வேற கட்டி ஏதாவது தட்டுப்படுதா?"

"எங்கிட்டக் கேக்காதீக டாக்டர்" என்று முத்தையா மனைவியைக் கைகாட்டினார்.

பேச்சியம்மாள் இடுப்பிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். "மிச்சம் எட்டுக் காம்பையும் தடவிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. எழுதிக்கங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ராணியைப் புரட்டிப் போட்டு, எட்டையும் நானே தடவிப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.