மீன் கழுவிய தண்ணீரும் என் ஆம்ப்ளிஃபையரும்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டு கிடையாது. அந்தச் சபதமும் அப்படித்தான் வந்து விழுந்தது. தண்டையார்பேட்டையில் நாங்கள் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஆசை ஆசையாக வாங்கிய என் முதல் ஆம்ப்ளிஃபையர், கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு நொடியில் புகைவிட்டுச் செத்தது. முழுசாக இரண்டு மாதம்கூடப் பாடவில்லை. கீழ் வீட்டில் இருந்த ஓனரம்மா, "பொம்பளைக்கு இன்னாத்துக்குமே அவ்ளோ பெரிய பாட்டுப் பொட்டி?" என்று கேட்டார். நான் மாடிப்படியில் நின்று கத்தினேன்: "இன்னொண்ணு வாங்கத்தான் போறேன்க்கா. அதுவும் எரிஞ்சா, அப்புறம் எங்க வூட்ல ரேடியோகூட இருக்காது!"

கத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான், என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. துறைமுகத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை எனக்கு. நாள் முழுக்க கண்டெய்னர் லாரிகளின் ஹாரனைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் நாலு பாட்டு இல்லையென்றால் பைத்தியம்தான் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்கோ ஆலைச் சங்கும் சங்கீதமும் ஒன்றுதான். ஆனாலும் நல்ல மனுஷர். புது ஆம்ப்ளிஃபையர் வந்ததும், "ஃப்ரிட்ஜுக்கு வெச்சிகிற ஸ்டெபிலைசர்லயே மாட்டிடேன்" என்றார். மாட்டினேன். பக்கத்து லேத் பட்டறையில் மோட்டார் போடும்போதெல்லாம் ஸ்டெபிலைசர் 'டக்' என்று மாறும், ஸ்பீக்கர் 'டம்' என்று குதிக்கும். பாடகி உருகி உருகி ஒரு இழுப்பு இழுக்கும்போது நடுவில் யாரோ கதவை உதைத்த மாதிரி இருக்கும்.

இதற்கொரு வழி கேட்டு, பாரிமுனை போய் பஸ் மாறி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு கடையில், எங்கள் மாடிப்படி தாங்குமா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கனமான ஸ்டெபிலைசரைக் காட்டினார்கள். இன்னொரு கடையில், எகிறும் கரண்டைத் தடுக்கும் என்று பளபளவென்று ஒரு ஸ்பைக் பஸ்டர். திறந்து காட்டச் சொன்னால், உள்ளே சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றுமில்லை. "விளக்குதான் காப்பாத்துமா?" என்று நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் தகரப் பெட்டி ஒன்றைத் தானாகவே கழற்றி, உள்ளே இருந்த ஃபியூஸையும் நீல வில்லைகளையும் காட்டினார்.

"கரண்டு எகிறுனா இந்த வில்லை அத்த எர்த்துக்குத் தள்ளிடும், ஃபியூஸ் போயிடும். இது செத்து உன் பொட்டியக் காப்பாத்தும்மா. ஆனா வூட்ல எர்த் நல்லா கீதா? அது இல்லன்னா இது சொம்மா தகர டப்பாதான்."

ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு, அதை வாங்கிவந்து மாட்டினேன். 'டம்' நின்றது. ஆனால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கொல்லைப்புறத்துக் குழாயடிக்குப் பக்கத்தில், வீட்டு எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழி இருந்தது. "குழி காஞ்சி கருவாடாக் கெடக்குது, அதான் இரையுது. தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்துக்கிடந்த காலம். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மேலே நாலு குடம், கீழே நாலு குடம், அவ்வளவுதான் கணக்கு. அதில் ஒரு குடத்தை நான் குழியில் கவிழ்த்ததை ஓனரம்மா பார்த்துவிட்டார்.

"குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே பேஜாராகினு கீது. நீ மண்ணுக்கு ஊத்திகினு கீறியா?"

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "நீங்க மீன் கழுவுற தண்ணி சாக்கடைக்குத்தானே போவுது? அத்தக் குழில ஊத்துங்களேன்!" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். "பாட்டு கவுச்சி அடிக்காதாமே?"

மறுநாள் சங்கரா மீன் கழுவிய சட்டியோடு வந்தார். கரண்ட் அடித்துவிடுமோ என்று தன் கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, எட்ட நின்று வீசி ஊற்றினார். நான்கைந்து நாளில் இரைச்சல் தேய்ந்து காணாமல் போனது. மாடிக்கு வந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். "என் சங்கரா தண்ணிதான்மே பாடுது" என்றார். அப்படி ஒரு பெருமை முகத்தில். அதற்குப் பிறகு ஒரு சட்டிக்கு ஒரு பாட்டு என்று அவராகவே சட்டம் போட்டார். பழைய டூயட்டாக இருக்க வேண்டும், நடுவில் நான் பேசக் கூடாது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன, மீன் விலை ஏறியது, கீழ் வீட்டில் தினமும் சாம்பார். குழி காய்ந்தது, 'ம்ம்ம்' திரும்பி வந்தது. அந்த வெயிலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றவும் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் இரைச்சல் தானாகவே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர்தான் ஊற்றுகிறாரோ என்று சந்தேகப்பட்டேன். "எனக்கு அது பாடுனாலும் ஒண்ணுதான், பாடாட்டியும் ஒண்ணுதான். நான் எதுக்கு ஊத்தப் போறேன்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து கரண்ட் எகிறியது. பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது, ஃபேன் அலறியது, தகரப் பெட்டியிலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. பிறகு எல்லாம் அணைந்தது. மாடிப்படியில் நின்று போட்ட சபதம்தான் என் காதில் கேட்டது. மூச்சிரைக்க ஓனரம்மா மேலே ஓடிவந்தார். "பொட்டி உசுரோட கீதா?" நான் தகரப் பெட்டியைக் காட்டினேன்.

சாயங்காலம் சரிசெய்து கரண்ட் விட்டார்கள். தகரப் பெட்டியைத் திறந்தேன். நீல வில்லை கரியாகியிருந்தது. ஆம்ப்ளிஃபையரை நேராகச் சுவரில் சொருகினேன். சுவிட்சைப் போட எனக்குக் கை வரவில்லை. "தள்ளுமே" என்று ஓனரம்மாவே போட்டார். விளக்கு எரிந்தது. பாட்டு வந்தது. நான் அழுதுவிட்டேன்.

"அப்பாடா," என்று தரையில் உட்கார்ந்தார் ஓனரம்மா. "என் பத்து கொடம் தண்ணி வீணாவல."

பத்து நாளாக, தன் நாலு குடத்தில் ஒன்றைக் குழிக்கு ஊற்றியிருக்கிறார். குடிக்கிற தண்ணீரை. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமே மொறைக்கிற? நாளைலேந்து உன் கொடம். இப்ப டூயட்ட போடு."